சாந்தமும் துணிவும்: உறவுகளில் தாங்கலாக நிற்கும் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெண்கள் ஐக்கியத்தில் வேதபாடம் முடிந்த பிறகு தனியாக வந்து கேட்கப்படும் கேள்விகள் உண்டு. பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த அந்தக் கேள்விகளை, கேட்டவர்களின் போக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் மென்மையானவர்கள். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தோழிகளுக்கும் தாங்கலாக நிற்பவர்கள். வெளியே அவர்களுடைய மென்மையை ஏமாளித்தனம் என்கிறார்கள். சபைக்குள்ளோ அதே மென்மையைக் காரணம் காட்டிச் சிலர் அவர்கள் வாயை அடைக்கிறார்கள். இரண்டுமே அவர்களுக்கு இழைக்கப்படும் அநியாயம் என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையோடுதான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

சாந்தமாக இருப்பது என்றால் எதற்கும் எதிர்த்துப் பேசாமல் இருப்பதுதானே?

இல்லை. பூமியிலுள்ள எல்லா மனிதரையும்விட மிகுந்த சாந்தகுணமுள்ளவர் என்று வேதம் சாட்சி சொல்வது மோசேயைப் பற்றி (எண்ணாகமம் 12:3). அவர்தான் பார்வோனுக்கு முன்னால் மறுபடியும் மறுபடியும் போய் நின்று, ஜனங்களை விட்டுவிடச் சொன்னவர். அதே 12-ஆம் அதிகாரத்தில் சொந்த அக்காளும் அண்ணனும் அவரைப் பழித்துப் பேசுகிறார்கள். தன் பெயரைக் காத்துக்கொள்ள அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் மிரியாம் குஷ்டரோகியானபோது அவளுக்காகக் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டார்.

இயேசுவைப் பாருங்கள். "நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாயிருக்கிறேன்" என்று தம்மைப் பற்றிச் சொன்னவர் அவர் (மத்தேயு 11:29). பிரதான ஆசாரியனுக்கு முன்பாக ஒரு சேவகன் அறைந்தபோது அவர் திருப்பி அறையவில்லை, பேசாமலும் இருந்துவிடவில்லை. தவறாகப் பேசியிருந்தால் அதை எடுத்துக்காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று நேராகக் கேட்டார் (யோவான் 18:23). சில மணி நேரத்துக்குப் பிறகு ஏரோது பல கேள்விகள் கேட்டபோது ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை (லூக்கா 23:9). பேசியதும் அவராகத் தீர்மானித்தது, பேசாமல் இருந்ததும் அவராகத் தீர்மானித்தது. பயம் அவரைப் பேசவும் வைக்கவில்லை, வாயடைக்கவும் இல்லை.

சாந்தமுள்ள பெண் தன் வெற்றியை விட்டுக்கொடுப்பாள்; உண்மையை விட்டுக்கொடுக்க மாட்டாள். இந்தப் பக்கத்தில் பின்னால் வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

சின்ன விஷயத்துக்கும் கண் கலங்கிவிடுகிறது. யாரையும் கடிந்து பேச வராது. இந்தச் சுபாவத்தை நான் மாற்றிக்கொள்ள வேண்டுமா?

கண்ணீருக்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று அறிந்தே வந்த இயேசு, மரியாள் அழுவதைக் கண்டு தாமும் கண்ணீர்விட்டார். தர்க்கத்தில் யாருக்கும் சளைக்காத பவுல், தெசலோனிக்கேயரிடம் தான் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லும்போது, பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாயைத்தான் உவமையாக எடுக்கிறார் (1 தெசலோனிக்கேயர் 2:7). இளகிய மனதை வேதம் எங்கும் குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் மென்மைக்குப் பக்கத்திலேயே பயம் ஒட்டிக்கொண்டு வளரக்கூடும். அதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு காரியத்துக்குச் "சரி" என்று சொன்ன பிறகு உங்கள் மனம் எப்படி இருக்கிறது? அமைதியாக இருந்தால் அன்பினால் இசைந்திருக்கிறீர்கள். இரவெல்லாம் குமுறிக்கொண்டிருந்தால், "முடியாது" என்று சொல்லப் பயந்து இசைந்திருக்கிறீர்கள். மாற வேண்டியது அந்தப் பயம் மட்டும்தான்.

நான் நேர் எதிர். சத்தமாகப் பேசுவேன், சட்டென்று கோபம் வந்துவிடும். எனக்கெல்லாம் சாந்தம் வருமா?

"சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி" தேவனுடைய பார்வையில் விலையேறப்பெற்றது என்று எழுதியவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். பேதுரு! கெத்செமனேயில் பட்டயத்தை உருவி மல்குஸின் காதை வெட்டியவர். யோசிக்காமல் பேசி ஆண்டவரிடமே கடிந்துகொள்ளப்பட்டவர். சாந்தத்தின் விலையை அவர் பிறவிக்குணத்திலிருந்து அறிந்துகொள்ளவில்லை. கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் சாந்தம் ஆவியின் கனிகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஆகையால் அது குரலின் அளவைப் பொறுத்ததும் அல்ல, சிலருக்கு மட்டும் கொடுத்துவைத்ததும் அல்ல.

உங்கள் கலகலப்பை அடக்கிக்கொண்டு வேறொருத்தியைப் போல நடிக்க வேண்டாம். கோபம் ஏறும்போது முதலில் வரும் வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிடுங்கள். இரண்டாவது வாக்கியம் பெரும்பாலும் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

ஏன் பெண்களுக்கு மட்டும் இந்த உபதேசம்? ஆண்களுக்கு எதுவும் இல்லையா?

நியாயமான கேள்வி. பெண்களுக்கு மட்டும் என்று வேதம் சொல்லவில்லை. அப்படிப் பிரசங்கிக்கிறவர்கள்தான் பாதியில் நிறுத்திக்கொள்கிறார்கள். முதல் பதிலில் வந்த மோசேயும் இயேசுவும் ஆண்கள். சாந்தகுணத்தை நாடும்படி பவுல் சொல்வது தீமோத்தேயு என்கிற இளம் ஊழியருக்கு (1 தீமோத்தேயு 6:11).

எபேசியர் 5-இல் மனைவிகளுக்கான வார்த்தை 22-ஆம் வசனத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனமே ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. 25-ஆம் வசனத்தில் கணவர்களிடம் கேட்கப்படுவது இன்னும் பெரியது: கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூர வேண்டும். மனைவிமேல் கசந்துகொள்ளக் கூடாது என்று கொலோசெயர் 3:19 கட்டளையிடுகிறது. மனைவிக்குக் கனம் செலுத்தாத கணவனுடைய ஜெபத்துக்கே தடை வரும் என்று 1 பேதுரு 3:7 எச்சரிக்கிறது. முதல் ஆறு வசனங்களை வாசித்துவிட்டு ஏழாவதற்கு முன்னால் வேதத்தை மூடிவிடுகிற பழக்கம் ஒழிய வேண்டும்.

ஆதாமுக்கு ஏவாளை 'ஏற்ற துணை' என்று ஆதியாகமம் 2 சொல்கிறதே, அப்படியென்றால் இரண்டாம் இடம் என்றுதானே அர்த்தம்?

தாவீது தனக்கு ஒத்தாசை கர்த்தரிடமிருந்து வரும் என்று சங்கீதங்களில் பலமுறை பாடுகிறார். ஒத்தாசை செய்கிறதனால் கர்த்தர் தாவீதைவிடத் தாழ்ந்தவராகிவிட்டாரா? உதவி செய்கிறவருக்கு, உதவி பெறுகிறவருக்கு இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது. இந்தக் கேள்விக்கு இதற்குமேல் நீட்ட வேண்டியதில்லை.

என் கணவர் ஏதோ பயத்திலும் சோர்விலும் இருக்கிறார். என்ன சொல்லித் தேற்றுவது என்றே தெரியவில்லை.

நியாயாதிபதிகள் 13-இல் ஒரு பெண் இருக்கிறாள். சிம்சோனின் தாய், அவள் பெயர்கூட நமக்குச் சொல்லப்படவில்லை. பலிபீடத்து ஜுவாலையில் கர்த்தருடைய தூதன் மேலே ஏறிப்போனதைக் கண்ட அவள் கணவன் மனோவா, தேவனைக் கண்டோம், இனிச் சாகத்தான் போகிறோம் என்று அலறுகிறான். அவள் அவனைக் கேலி செய்யவில்லை. "பயப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று பொதுவாக எதையும் சொல்லவும் இல்லை. கர்த்தர் நம்மைக் கொல்ல நினைத்திருந்தால் நம் பலியை ஏற்றிருக்க மாட்டார், இந்தக் காரியங்களைக் காட்டியிருக்க மாட்டார், இவற்றையெல்லாம் அறிவித்திருக்கவும் மாட்டார் என்று நடந்ததை வைத்தே அவனுக்கு எடுத்துச் சொல்கிறாள். பயந்தவனுக்கு அவள் கொடுத்தது நினைவூட்டல். உங்கள் கணவருடைய வாழ்க்கையில் கர்த்தர் ஏற்கனவே செய்தவற்றை உங்களைவிட அருகிலிருந்து பார்த்தவர் யார்? அவற்றை நாள், இடம், நடந்த விதம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். பயம் பிடித்திருக்கிறவருக்கு அவை தானாக நினைவுக்கு வராது.

நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்டும் தேற்றாத வார்த்தைக்கும் வேதத்திலேயே உதாரணம் உண்டு. பிள்ளையில்லாமல் அழுத அன்னாளிடம் எல்க்கானா, பத்துக் குமாரரைவிட நான் உனக்கு அதிகமல்லவா என்று கேட்டான் (1 சாமுவேல் 1:8). அவன் அவளை உண்மையாகவே நேசித்தவன். ஆனாலும் அவளுடைய துக்கத்தைப் பற்றிய பேச்சை ஒரே வாக்கியத்தில் தன்னைப் பற்றிய பேச்சாக்கிவிட்டான். நாமும் இதைச் செய்கிறோம்: "நீங்கள் இப்படி இருந்தால் நான் என்ன ஆவேன்?" என்று கேட்டுவிடுகிறோம்.

சில வேளை எதையும் சொல்லாமல் இருப்பதே போதும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. எது வேண்டும் என்று தெரியாவிட்டால் கேட்டுவிடுங்கள்: "இதற்கு என் யோசனை வேண்டுமா, நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா?"

அவர் எடுக்கும் முடிவு தவறு என்று எனக்குத் தெரிகிறது. மரியாதை குறையாமல் அதை எப்படிச் சொல்வது?

1 சாமுவேல் 25-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசியுங்கள். மூவாயிரம் ஆடுகளுக்குச் சொந்தக்காரனான நாபால், தன் மந்தைகளைக் காத்த தாவீதின் ஆட்களை அவமானப்படுத்தி அனுப்புகிறான். தாவீது நானூறு பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு புறப்படுகிறான். வேலைக்காரன் வந்து சொன்னவுடன் அபிகாயில் அப்பங்களையும் சமைத்த ஆடுகளையும் அத்திப்பழ அடைகளையும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு எதிர்கொண்டு போகிறாள். தாவீதிடம் அவள் பேசிய பேச்சைக் கவனியுங்கள். அவனுடைய கோபம் அநியாயம் என்று அவள் வாதிக்கவில்லை. கர்த்தர் உமக்கு நிலையான வீட்டைக் கட்டப்போகிறார்; அந்த நாளில் வீணாக இரத்தம் சிந்திய மனவேதனை உமக்கு இருக்கக் கூடாது என்கிறாள். கர்த்தர் அவனை எப்படிப்பட்டவனாக ஆக்கப்போகிறாரோ அந்த மனிதனை நோக்கிப் பேசுகிறாள். தாவீது திரும்பிப் போய்விட்டான். அவள் சொன்ன யோசனைக்காக அவளை ஆசீர்வதித்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்தால் நாபால் குடித்து வெறித்திருக்கிறான். பொழுது விடியும்வரை அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெறி தெளிந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நான்காம் நூற்றாண்டில் சபைப் போதகரான அகுஸ்தீன் தன் தாய் மோனிக்காவைப் பற்றி எழுதும்போதும் இதையே சொல்கிறார்: கணவர் பத்ரிசியுஸ் முன்கோபி, கோபத்தில் இருக்கும்போது அவள் எதிர்க்க மாட்டாள், தணிந்த பிறகு தன் பக்கத்தை விளக்கிச் சொல்வாள். "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" என்கிற நீதிமொழி (15:1) தொனியை மட்டும் சொல்கிறது என்று நினைக்கிறோம். எந்த நேரத்தில் சொல்கிறோம் என்பதும் அதில் அடங்கும்.

இடமும் முக்கியம். அப்பொல்லோ ஜெப ஆலயத்தில் குறைவாகப் போதித்ததைக் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:26). கூட்டத்தின் நடுவே திருத்தவில்லை. பிள்ளைகள் முன்னாலும் உறவினர் முன்னாலும் கணவரைத் திருத்தினால், சொன்னது எவ்வளவு சரியாக இருந்தாலும் அவர் காதில் அவமானம் மட்டுமே விழும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. கணவருக்குத் தெரியாமல் எதையாவது செய்துவிட்டு அபிகாயிலைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அவள் உயிர்களைக் காக்க அவசரமாகச் செயல்பட்டாள்; மறுநாள் காலையிலேயே அதைத் தன் வாயால் சொல்லியும்விட்டாள்.

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். நேரம் பார்த்தும் சொன்னேன், தனியாகவும் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை. இன்னும் எத்தனை தடவை சொல்வது?

பிலாத்து நியாயாசனத்தில் உட்கார்ந்திருந்தபோது அவன் மனைவி ஆளனுப்பி, அந்த நீதிமானை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள் (மத்தேயு 27:19). காரணத்தையும் சொன்னாள். பிலாத்து கேட்கவில்லை. தண்ணீரில் கை கழுவிக்கொண்டு இயேசுவை ஒப்புக்கொடுத்துவிட்டான். அவள் சரியாகச் சொல்லாததால்தான் அப்படி நடந்தது என்று யாராவது சொல்வோமா?

தெளிவாக ஒருமுறை, தேவையானால் இன்னொரு முறை சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்த முடிவு அவருடைய கணக்கில் இருக்கிறது. தொடர்ந்து அரித்துக்கொண்டே இருப்பது அவரை மாற்றுவதில்லை; உங்கள் மனதைத்தான் தேய்க்கிறது. ஜெபிப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். ஒருவேளை அவர் பின்னால் வருந்தினால், "அன்றைக்கே சொன்னேனே" என்ற வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதும் ஒரு பெரிய அன்பு.

பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொல்கிறார். கணவருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றுதானே வேதம் சொல்கிறது?

போடாதீர்கள். அனனியா நிலத்தின் விலையில் ஒரு பங்கை மறைத்தான். சப்பீராள் அதை அறிந்தும் அதே பொய்யைச் சொன்னாள். பேதுரு அவளைத் தனியாகக் கேட்டார், அவளும் தனியாகவே பதில் சொல்ல வேண்டியிருந்தது (அப்போஸ்தலர் 5). கணவரோடு ஒத்துப்போனேன் என்கிற நியாயம் அங்கே நிற்கவில்லை. அதே அதிகாரத்தின் 29-ஆம் வசனம், மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்கிறது. மறுக்கும்போதும் முதல் பதிலில் சொன்ன சாந்தத்தோடு மறுக்கலாம்: "உங்களோடு எந்தக் கஷ்டத்திலும் நிற்பேன், இதில் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன்."

கணவருக்கு விசுவாசம் இல்லை. என் நடக்கையைப் பார்த்து மாறுவார் என்கிறார்கள். மாறாவிட்டால் என் நடக்கையில் குறையா?

போதனை இல்லாமலே மனைவியின் நடக்கையால் கணவர் ஆதாயப்படுத்தப்படலாம் என்று பேதுரு எழுதுகிறார். அது நம்பிக்கை தருகிற வாக்கியம். உங்களுக்கு வைக்கப்படும் பரீட்சை ஆகாது. பவுல் இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்: மனைவியே, நீ உன் புருஷனை இரட்சிப்பாயோ இல்லையோ உனக்கு எப்படித் தெரியும்? (1 கொரிந்தியர் 7:16). மோனிக்காவின் கணவர் தன் வாழ்நாளின் கடைசிப் பகுதியில் விசுவாசத்துக்கு வந்தார். தீமோத்தேயுவின் தாய் ஐனிக்கேயாளின் கணவரோ கிரேக்கர். அவர் விசுவாசித்ததாக வேதத்தில் ஒரு குறிப்பும் இல்லை. ஆனாலும் அந்த வீட்டில்தான் ஒரு சிறுவன் குழந்தைப் பருவம் முதல் வேத எழுத்துகளைக் கற்று வளர்ந்தான். ஐனிக்கேயாளின் விசுவாசத்தைப் பவுல் மனமார மெச்சுகிறார் (2 தீமோத்தேயு 1:5).

எனக்குத் திருமணம் ஆகவில்லை. இதெல்லாம் மனைவிகளுக்கு மட்டும்தானா?

ரோமர் 16-ஐ வாசித்துப் பாருங்கள். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாள் அநேகருக்கும் தனக்கும் ஆதரவாயிருந்தவள் என்று பவுல் எழுதுகிறார். அவளுக்குக் கணவர் இருந்தாரா இல்லையா என்பதே பேச்சில் வரவில்லை. ரூப்புவின் தாயை "எனக்கும் தாய்" என்கிறார். யோப்பாவில் தபீத்தாள் இறந்தபோது, அவள் தைத்துக்கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் விதவைகள் பேதுருவிடம் அழுதுகொண்டே காட்டினார்கள் (அப்போஸ்தலர் 9:39). தாங்கலாக நிற்பதற்குத் திருமணம் ஒரு இடம் மட்டுமே. தோழமை, உடன்பிறப்பு, சபை, வேலை செய்யும் இடம் எல்லாம் அதற்கு இடங்கள்தான்.

மாமியாரோடு ஒத்துப்போக முடியவில்லை. "ரூத்தைப் போல இரு" என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ரூத்தைப் போல இருக்கச் சொல்கிறவர்கள் நகோமியைப் போல இருக்கவும் சொல்ல வேண்டும். நகோமி மருமக்கள் இருவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆசீர்வதித்து, முத்தமிட்டு, தாய் வீட்டுக்குப் போகலாம் என்று விடுவித்தாள். ஓர்பாள் அழுதுகொண்டே திரும்பிப் போனாள். அவளைப் பழித்து ஒரு வார்த்தையும் எழுதப்படவில்லை. ரூத் தங்கியது அவளாகத் தீர்மானித்தது. பின்னால் ரூத்தின் வாழ்க்கை நிலைப்பட வேண்டுமே என்று வழி தேடியவளும் நகோமிதான். அந்தப் பற்று இரண்டு பக்கமும் ஓடியது.

உங்கள் வீட்டில் ஒரு பக்கம் மட்டும் ஓடினால், உங்களால் மனதார முடிந்ததைச் செய்யுங்கள். "கூடுமானால் உங்களாலானமட்டும்" எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்று ரோமர் 12:18 சொல்கிறது. எல்லாம் உங்கள் கையில் இல்லை என்று அந்த வசனமே ஒப்புக்கொள்கிறது.

எல்லோரையும் தாங்கித் தாங்கி நானே ஓய்ந்துபோய்விட்டேன். ஓய்வு கேட்டால் சுயநலம் ஆகிவிடுமோ?

எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டு, போதும், சாக வேண்டும் என்று சொன்னபோது கர்த்தர் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கினார், மறுபடியும் சாப்பிட்டார் (1 இராஜாக்கள் 19). பேச்சு அதற்குப் பிறகுதான். உண்ணவும் நேரமில்லாமல் உழைத்த சீஷர்களை இயேசுவே ஒதுக்கமான இடத்துக்கு அழைத்து, சற்று இளைப்பாறச் சொன்னார் (மாற்கு 6:31). ஆண்டவர் கொடுக்கிற ஓய்வைச் சுயநலம் என்று பெயரிட நமக்கு உரிமை இல்லை.

கலாத்தியர் 6-இல் இரண்டு வாக்கியங்கள் அருகருகே நிற்கின்றன. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது 2-ஆம் வசனம். அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது 5-ஆம் வசனம். நோய், இழப்பு, திடீர் நெருக்கடி ஆகியவை சேர்ந்து சுமக்க வேண்டியவை. வளர்ந்த மகனுடைய கடமை, தோழியின் பிடிவாதம், கணவர் கேட்க வேண்டிய மன்னிப்பு ஆகியவை அவரவர் சுமக்க வேண்டியவை. மென்மையான பெண்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சுமந்துதான் ஓய்ந்துபோகிறார்கள். அதை இறக்கிவைத்தால் உரியவர் எடுத்துக்கொள்வாரா என்று பயமாக இருக்கும். சில நாள் அது தரையிலேயே கிடக்கட்டும்.

வெளியில் சிரிக்கிறேன், உள்ளே கசப்பு. இப்படிக் கோபம் வருவதே பாவம்தானே?

கோபங்கொண்டாலும் பாவம் செய்யாதிருங்கள் என்று எபேசியர் 4:26 சொல்வதால், பாவமில்லாத கோபம் ஒன்று இருக்கத்தான் வேண்டும். சூரியன் அஸ்தமிக்கும் முன் தணிய வேண்டும் என்று அதே வசனம் சொல்வதால், அதை அடுக்கி வைக்கவும் கூடாது. அன்னாளிடம் கற்றுக்கொள்ளலாம். அவள் தன் கசப்பை மறைக்கவில்லை. கர்த்தருடைய சந்நிதியில் இருதயத்தை ஊற்றிவிட்டாள். உதடு அசைவதைப் பார்த்து ஆசாரியன் ஏலி அவளைக் குடிகாரி என்று நினைத்தபோது, பணிவாக, ஆனால் தெளிவாக, அப்படியல்ல என்று மறுத்தாள். தன்னைப் பற்றிய தவறான எண்ணத்தை ஒரு ஆசாரியனிடம்கூட அவள் அப்படியே விட்டுவிடவில்லை. அந்த ஏலியே பிறகு அவளைச் சமாதானத்தோடு அனுப்பிவைத்தார்.

இத்தனை செய்தும் ஒரு நன்றிகூட இல்லை. அதை எதிர்பார்ப்பது தவறா?

தவறில்லை. நன்றி சொல்லாமல் இருப்பதுதான் தவறு. பவுல் தன் உயிருக்காகக் கழுத்தைக் கொடுத்த பிரிஸ்கில்லாளுக்கும் ஆக்கில்லாவுக்கும் பெயர் சொல்லி, எழுத்தில், எல்லாச் சபைகளும் அறிய நன்றி சொன்னார். உங்களுக்கு மனவருத்தம் இருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லலாம்: "நான் செய்வதை நீங்கள் கவனிக்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்குப் பலமாக இருக்கும்."

சில நன்றி தாமதமாக, வேறு வாயிலிருந்து வரும். ரூத்தைக் கூட்டிக்கொண்டு பெத்லகேமுக்கு வந்த நகோமி, கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார் என்றாள். பக்கத்தில் ரூத் நின்றுகொண்டிருந்தாள்! அதைக் கேட்ட அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? ஓபேத் பிறந்த பிறகு, ஊர்ப் பெண்கள்தான் நகோமியிடம், உன் மருமகள் ஏழு குமாரரைவிட உனக்கு அருமையானவள் என்று சொன்னார்கள் (ரூத் 4:15).

கணவர் என்னை அடிக்கிறார். நான் இன்னும் சாந்தமாக இருந்தால் மாறிவிடுவார் என்று சொல்கிறார்கள்.

அப்படிச் சொல்கிறவர்களுடைய பேச்சைக் கேட்காதீர்கள், அவர்கள் யாராக இருந்தாலும். உங்கள் சாந்தம் குறைந்ததால் அவர் அடிக்கவில்லை. அடிப்பது அவருடைய பாவம். அதற்கு நீங்கள் பரிகாரம் செய்ய முடியாது. அவரோடு எப்படிப் பேசுவது என்று மேலே அபிகாயிலை வைத்துச் சொன்னவை எல்லாம், பேசினால் ஆபத்தில்லாத வீடுகளுக்குச் சொன்னவை. அகுஸ்தீன் எழுதியதிலும் ஒரு பகுதி உண்டு: கணவரிடம் அடிவாங்கிய அடையாளத்தோடு வந்த பெண்களிடம், அவர்களுடைய நாவைக் காரணம் காட்டி மோனிக்கா அறிவுரை சொன்னாளாம். அவளை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அறிவுரையை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

விலகிப்போவது விசுவாசக் குறைவல்ல. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது ஓடிப்போனான். மீகாள் அவனை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கினார்கள். நாசரேத்தில் மலையிலிருந்து தள்ளிவிட வந்தவர்களின் நடுவே இயேசு கடந்து போய்விட்டார். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான இடத்துக்கு முதலில் போங்கள். நம்பத்தக்க ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். காயங்களுக்கு மருத்துவரைப் பாருங்கள். காவல்துறையிடம் போகத் தயங்க வேண்டாம். தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் அதிகாரம் நம் நன்மைக்காகத் தேவன் ஏற்படுத்தியது என்று ரோமர் 13:4 சொல்கிறது. குடும்ப மானம் என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உங்கள் உயிருக்குப் பொறுப்பேற்கப் போவதில்லை.

அவர் செய்த துரோகத்தை மன்னித்துவிட்டேன். ஆனால் பழையபடி நம்ப முடியவில்லை. அப்படியானால் நான் உண்மையில் மன்னிக்கவில்லையா?

மன்னிப்பை ஒருவரே கொடுத்துவிட முடியும். நம்பிக்கைக்கு இரண்டு பேர் வேண்டும். யோசேப்பை அண்ணன்மார் இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். பின்னால் அவர்கள் எகிப்தில் அவன் முன் நின்றபோது, அவன் ஒதுங்கிப்போய் அழுதான். மனதில் பகை இல்லை. ஆனாலும் உடனே தன்னை வெளிப்படுத்தவில்லை. சிமியோனை நிறுத்திவைத்தான், பென்யமீனை அழைத்துவரச் சொன்னான், அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்தான். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன் என்று யூதா முன்வந்தபோதுதான், நான் யோசேப்பு என்றான் (ஆதியாகமம் 44, 45). அவனைப் பழிவாங்குகிறவன் என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே நீங்கள் காலம் கேட்கலாம். எங்கே போகிறார், யாரோடு பேசுகிறார் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லும்படி கேட்கலாம். முதிர்ந்த ஒரு விசுவாசத் தம்பதியிடமோ ஆலோசகரிடமோ சேர்ந்து போக வேண்டும் என்று கேட்கலாம். மனந்திரும்பியவர் இவற்றைத் தண்டனையாக எடுத்துக்கொள்ள மாட்டார். "மன்னித்துவிட்டாயே, இன்னும் ஏன் கேட்கிறாய்?" என்று அவர் எரிந்து விழுந்தால், இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்க வேண்டும் என்று அர்த்தம்.